எந்தப் பக்கம் சார் நாம?



இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு ஃபுட்பால் மேட்ச் பற்றிப் பேசப் போகிறேன். "டாக்டருக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சுத்தி வந்து மருத்துவத்தில்தான் நிற்போம். கொஞ்சம் நீளமான இழை. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் ஃபுட்பாலை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் எனக்கென்று ஒரு டீம் கிடையாது. எம்.பி.பி.எஸ். ஹாஸ்டலில் பாதிப் பேர் மேன்செஸ்டர் யுனைடெட். மீதிப் பேர் செல்சி, ஆர்சனல், லிவர்பூல். அவங்க டீம் தோத்தா அன்னைக்கு மெஸ்ஸில் சாப்பிட மாட்டாங்க. நான் மட்டும் ரெண்டு தட்டு சாப்பிடுவேன். ஏன்னா நான் நியூட்ரல். ரெண்டு பக்கமும் கோல் விழணும், கடைசி நிமிஷம் வரைக்கும் யார் ஜெயிப்பாங்கன்னு தெரியக் கூடாது. அவ்ளோதான் என் வேண்டுதல்.

நம்ம புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதை விளக்குவது ரொம்ப ஈஸி. கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குப் போயிருப்பீங்க. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று பேர் எடுத்த ஊர். வாடிவாசலில் இருந்து மாடு வெளியே வரும்போது மாட்டுக்காரர் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான்: என் மாடு பிடிபடக் கூடாது. களத்தில் நிற்கும் பையனின் அம்மாவுக்கு வேறு எண்ணம்: என் பிள்ளை முழுசா வீடு வந்து சேரணும். மாடும் கொண்டு வராமல், பையனையும் இறக்கிவிடாமல் மேலே உட்கார்ந்திருக்கும் நம்மை மாதிரி ஆள் இருக்கோமே, நாமதான் நியூட்ரல். மாடு நின்னு விளையாடினால் அதுக்கும் கைதட்டுவோம். ஒரு பையன் திமிலைக் கட்டிப் பிடிச்சு எல்லை வரை போனால் அதுக்கும் விசில் அடிப்போம். எது நடந்தாலும் நமக்கு லாபம்தான்.

ஒரு டாக்டருக்கு இந்தச் சொகுசு வேலை நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்ட்ரெச்சரில் போட்டால், அந்த நிமிஷத்திலிருந்து நமக்குப் பக்கம் உண்டு. அந்தப் பக்கம் தோற்றால் வெளியே வந்து அவங்க வீட்டு ஆட்களிடம் நாமதான் சொல்லணும். அதனால்தான் ராத்திரி வீட்டுக்கு வந்து, யார் தோத்தாலும் எனக்கு ஒன்னும் ஆகாத ஒரு விளையாட்டைப் பார்ப்பது எனக்கு ஓய்வு. சில பேருக்குப் பாட்டு, சில பேருக்கு சீரியல். எனக்கு இது.

இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2023 டிசம்பர் 16 வரைக்கும்.

அன்று சனிக்கிழமை. நம்ம நேரம் ராத்திரி 8:30க்கு மேட்ச். போர்ன்மத் – லூட்டன் டவுன். அதே நேரத்தில் மேன்செஸ்டர் சிட்டி மேட்ச்சும் ஓடியது. நான் வேணும்னேதான் இதைப் போட்டேன். அப்போது பிரீமியர் லீகிலேயே மிகச் சின்ன மைதானங்கள் இந்த ரெண்டு டீமுடையதாகத்தான் இருந்தன. பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார முடியாது. அதிலும் லூட்டன் கதை சினிமா மாதிரி. 2009-லிருந்து 2014 வரை இங்கிலாந்தின் நாலு பெரிய டிவிஷன்களுக்கும் வெளியே கிடந்த கிளப். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 31 வருஷம் கழித்து முதல் டிவிஷனுக்கு வந்திருந்தது. அவங்க மைதானத்துக்குள் போக, வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வழி. வீட்டுக் கொல்லைகளுக்கு மேலே படி ஏறிப் போகணும். துணி காயப் போட்டிருப்பது தெரியும்.

அன்னைக்கு என்னோடு உட்கார்ந்து பார்த்தது ஒரு தம்பி. 108 ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். அவங்களை நாங்க பைலட் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துத் தெரு. லீவு நாளில் வீட்டுக்கு வருவார். ஃபுட்பால் அவருக்குப் பெரிசா தெரியாது, கபடிதான் உயிர். வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"எந்தப் பக்கம் சார் நாம?"

"எந்தப் பக்கமும் இல்ல தம்பி. சும்மா பார்ப்போம்."

"பக்கம் இல்லாம எப்படி சார் மேட்ச் பார்க்கறது? உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்காது?"

சிரித்துவிட்டேன். மூணாவது நிமிஷமே லூட்டன் கோல் போட்டது. அடெபாயோ என்ற உயரமான பையன். அப்புறம் ஒரு மணி நேரம் போர்ன்மத் முட்டி மோதியது. 58-வது நிமிஷம் சொலங்கி சமன் செய்தார். 1-1. தம்பி எழுந்து நின்று கைதட்டினார். "இப்பதான் சார் சூடு பிடிக்குது" என்றார்.

அடுத்த நிமிஷம் லூட்டன் கேப்டன் டாம் லாக்கியர் கீழே விழுந்தார்.

யாரும் இடிக்கவில்லை. பந்தும் அவரிடம் இல்லை. நடந்துகொண்டிருந்த ஆள் அப்படியே சரிந்தார். 29 வயசு. லூட்டன் மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். வீரர்கள் கையை ஆட்டி டாக்டரைக் கூப்பிட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காலில் அடிபட்டால் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கேமரா அந்த இடத்தைக் காட்டாமல் விலகியது. அதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான்.

தம்பி வாட்சைப் பார்த்தார். நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒன்னும் பேசவில்லை. அது தொழில் பழக்கம். ஆள் விழுந்தால் முதலில் நேரம் பார்ப்போம்.

ஆனால் அன்னைக்கு ரெண்டு பேர் மனசிலும் ஓடியது லாக்கியர் மட்டும் இல்லை. அதைச் சொல்ல, அதற்கு ஏழு மாசம் முந்தி ஒரு ராத்திரிக்குப் போகணும்.

2023 கோடை. நம்ம மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், சில விவரங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். கோயில் திருவிழாவுக்கு மின்னொளி கபடிப் போட்டி. ராத்திரி பதினொரு மணி. ரெய்டு போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு பையன், தன் பக்கத்துக் கோட்டைத் தொட்டு, ரெண்டு அடி நடந்து, கீழே விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. வயசு இருபத்திமூணு.

கையும் காலும் கொஞ்சம் வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு"ன்னு யாரோ கத்தியிருக்காங்க. உடனே ஒருத்தர் பைக் சாவியைக் கையில் திணிச்சார். ஒருத்தர் சோடாவை உடைச்சு முகத்தில் அடிச்சார். ஒருத்தர் துண்டால் விசிறினார். பையன் வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுத்தான். "மூச்சு இருக்கு, ஒன்னும் ஆகாது" என்று எல்லாருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு அந்த மூச்சும் நின்றது. அப்புறம்தான் 108-க்குப் போன் போட்டார்கள். அதற்குள்ளேயே ஒரு டாடா ஏஸில் ஏற்றிக் கிளம்பிவிட்டார்கள். நடு ரோட்டில் நம்ம பைலட் தம்பியின் வண்டி எதிரே வந்து, மாற்றி ஏற்றி, என்னிடம் கொண்டு வந்து சேர்த்தபோது அரை மணி நேரம் தாண்டிவிட்டது.

நாற்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினோம். ஷாக் கொடுத்தோம். மருந்து போட்டோம். திரும்ப வரவில்லை.

வெளியே அவன் அப்பா நின்றார். நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற மனுஷர். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"சார், எல்லாரும் சுத்தித்தானே சார் நின்னோம். நாங்க என்ன சார் செஞ்சிருக்கணும்?"

நான் சொன்னேன்: "ஒன்னும் செஞ்சிருக்க முடியாதுங்கய்யா."

மக்களே, அது பொய். அந்த நேரத்தில் அந்த மனுஷருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் அதே சூழ்நிலை வந்தால் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அது பொய் என்பது எனக்குத் தெரியும். வெளியே ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்த தம்பிக்கும் தெரியும்.

இனி உண்மையைச் சொல்கிறேன்.

இப்படி ஓடியாடும் இளைஞர் திடீரென்று சுருண்டு விழுவது பெரும்பாலும் நாம் சாதாரணமாகச் சொல்லும் ஹார்ட் அட்டாக் இல்லை. ஹார்ட் அட்டாக் என்றால் இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இது கார்டியாக் அரெஸ்ட். இதயத்தின் மின்சார ஓட்டம் தடம் மாறிப்போய், இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. சில நொடியில் ஆள் விழுந்துவிடுவார். பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, பரம்பரையாக வரும் மின் ஓட்டக் கோளாறு, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் வரும் அழற்சி என்று காரணங்கள் பல. வெளியே பார்த்தால் ஆள் நல்ல திடமாகத்தான் இருப்பார்.

மூளைக்கு ரத்தம் நின்றதும் கை கால் சில நொடி வெட்டி இழுக்கலாம். அதைத்தான் நாம் வலிப்பு என்று நினைத்துச் சாவி கொடுக்கிறோம். (நிஜ வலிப்பாகவே இருந்தாலும் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.) வாயைத் திறந்து மீன் மாதிரி இழுப்பதும் மூச்சு இல்லை. அது மூளை கடைசியாக விடும் அபயக் குரல். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு"ன்னு நிம்மதி அடைந்து நிற்கும் நேரத்தில்தான் உயிர் போகிறது. யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது என்ன மிச்சம் இருக்கும்?

அதனால்தான் அன்னைக்கு டிவி முன்னால் ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

லாக்கியர் விழுந்ததும் மைதானத்தின் ஓரத்தில் தயாராக நின்ற மருத்துவக் குழு ஓடியது. டிஃபிப்ரிலேட்டர் கையிலேயே இருந்தது. அவர் இதயம் 2 நிமிஷம் 40 நொடி நின்றிருந்ததாகப் பிறகு அவரே சொன்னார். 2 நிமிஷம் 40 நொடி! நம்ம ஊரில் சோடா பாட்டிலைத் தேடி எடுத்து உடைக்கும் நேரம்.

அவரை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டு போனார்கள். மேட்ச் கைவிடப்பட்டது. ரெண்டு ஊர் ரசிகர்களும் அவர் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் "நினைவோடு இருக்கிறார்" என்று செய்தி வந்தது. தம்பி மூச்சை விட்டார். பிறகு எழுந்து, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பக்கம் இல்லேன்னு சொன்னீங்களே சார். நெஞ்சு எப்படி அடிச்சுது பாத்தீங்களா?"

இந்த இடத்தில் இன்னொரு மேட்ச்சைச் சொல்லியே ஆகணும். 2012 மார்ச் 17. லண்டனில் எஃப்.ஏ. கோப்பை காலிறுதி, டாட்டன்ஹாம் – போல்ட்டன். போல்ட்டனின் 23 வயது ஃபாப்ரீஸ் முவாம்பா இதே மாதிரி விழுந்தார். கூட்டத்தில் ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் இருந்தார். அவர் டாட்டன்ஹாம் ரசிகர். எதிரணி ஆள் விழுந்து கிடக்கிறார். இவர் சீட்டை விட்டு எழுந்து, பாதுகாப்பு ஆட்களிடம் சொல்லிப் புரியவைத்து, மைதானத்துக்குள் ஓடி, மருத்துவக் குழுவோடு சேர்ந்துகொண்டார். முவாம்பாவின் இதயம் 78 நிமிஷம் தானாகத் துடிக்கவில்லை. 15 தடவை ஷாக் கொடுத்தார்கள். பிழைத்தார். திரும்ப விளையாட முடியவில்லை, ஆனால் மனைவி மக்களோடு வாழ்கிறார். அந்த 78 நிமிஷமும் யாரோ ஒருத்தர் கை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தது. அதுதான் விஷயம்.

நம்ம நாட்டிலும் ஒரு மேட்ச் உண்டு. 2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டி, டெம்போ – மோகன் பகான். டெம்போவின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் ரெண்டாவது கோலைப் போட்ட வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. கோப்பை அவர் டீமுக்குத்தான். மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு போதாது என்று அன்றைக்கே நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது.

சரி, மேட்ச்சுக்கு வருவோம். நான் சொல்ல வந்த மேட்ச் இனிமேல்தான்.

கைவிடப்பட்ட அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடுவதாக முடிவாகி, 2024 மார்ச் 13 என்று தேதி வைத்தார்கள். நம்ம கணக்குக்கு 14-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. காலையில் எட்டு மணிக்கு ஓ.பி. ஆனாலும் பார்த்தே ஆகணும் என்று எனக்கு. வீட்டில் எல்லாரும் தூங்க, ஹாலில் சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். தம்பிக்கு அன்னைக்கு நைட் டியூட்டி. "ஸ்கோர் மட்டும் போடுங்க சார்"ன்னு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்.

ஆட்டம் தொடங்கும் முன் லாக்கியர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். அதே மைதானம். நெஞ்சுக்குள்ளே ஐ.சி.டி. என்ற சின்னக் கருவி. இதயம் திரும்பத் தடம் மாறினால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரி செய்யும். தன்னைக் காப்பாற்றிய மருத்துவக் குழுவைக் கட்டிப் பிடித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் ஹாலில் எழுந்து நின்றேன் என்று சொன்னால் சிரிக்காதீங்க.

ஆட்டம் ஆரம்பித்தது. ஒன்பதாவது நிமிஷம் லூட்டனின் சோங் ஒரு கோல். 31-ல் ஒக்பெனே. இடைவேளைக்குச் சற்று முன் பார்க்லி. 3-0. லீகில் கீழே விழாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்த டீம், வெளியூரில் வந்து மூணு கோல் போட்டிருக்கிறது. கேப்டன் மேலே உட்கார்ந்து பார்க்கிறார். சினிமாவாக இருந்தால் இங்கேயே சுபம் போட்டிருப்பார்கள்.

"3-0 தம்பி. லூட்டன்."

"முடிஞ்சுது. தூங்குங்க சார்."

தூங்கியிருக்கணும். ஆனால் நியூட்ரல் ரசிகனுக்கு 3-0 பிடிக்காது. மனசுக்குள் ஒரு நப்பாசை: "போர்ன்மத் ஒன்னு போட்டா நல்லா இருக்கும்." அவங்க ஜெயிக்கணும் என்று இல்லை, ஆட்டம் உயிரோடு இருக்கணும். 50-வது நிமிஷம் சொலங்கி போட்டார். 3-1. சரி, போதும் என்று பார்த்தால் 62-ல் உக்ரைன் நாட்டு டிஃபெண்டர் ஸபார்னி. 3-2. மைதானமே எழுந்துவிட்டது. ரெண்டே நிமிஷத்தில் கானா நாட்டு செமன்யோ. 3-3.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். முதல் பாதியில் லூட்டன் பக்கம் இருந்தேன். 3-1-ல் போர்ன்மத் பக்கம். 3-3-ல் யாருமே தோற்கக் கூடாது என்று இருந்தது. நகம் கடிப்பதை விட்டு இருபது வருஷம் ஆச்சு, அன்னைக்குக் கடித்தேன். "3-3!!!" என்று தம்பிக்கு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது. ஏதோ கேஸுக்குப் போய்விட்டார் என்று புரிந்தது.

83-வது நிமிஷம் மறுபடி செமன்யோ. 4-3.

மூணு கோல் பின்னாலிருந்து வந்து ஜெயிப்பது பிரீமியர் லீகில் அபூர்வம். 2001 செப்டம்பரில் டாட்டன்ஹாமிடம் 3-0 பின்தங்கிய மேன்செஸ்டர் யுனைடெட் 5-3 என்று ஜெயித்ததை இன்றைக்கும் ஹாஸ்டல் நண்பர்கள் குரூப்பில் சொல்லிக் காட்டுவார்கள். அந்த வரிசையில் சேர வேண்டிய ஆட்டத்தை அன்னைக்குத் தனியாக, சத்தமில்லாமல், இருட்டு ஹாலில் பார்த்தேன். விசில் ஊதியதும் லூட்டன் ஆட்கள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த சீசன் முடிவில் அவங்க கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போனார்கள். அந்த ராத்திரி விட்ட மூணு புள்ளியும் அந்தக் கணக்கில் உண்டு.

நியாயமாக எனக்கு சந்தோஷம் மட்டும்தான் இருக்கணும். ஏழு கோல் பார்த்தாச்சு, எனக்கென்று தோற்க எதுவும் இல்லை. ஆனால் நான் யோசித்தது லாக்கியரைப் பற்றி. தன் டீம் 3-0-லிருந்து தோற்றதைப் பார்த்து அந்த மனுஷர் அன்னைக்கு வீட்டுக்கு எரிச்சலோடு போயிருப்பார். கார் கதவை ஓங்கிச் சாத்தியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. தோல்விக்கு எரிச்சல்படுவதற்கு முதலில் உயிரோடு இருக்கணும் மக்களே. அந்தக் கபடிப் பையனுக்கும் அப்படி ஒரு தோல்வி பாக்கி இருந்தது. அந்த ராத்திரி தோற்று, நடுவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், அம்மா எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டிருக்க வேண்டிய பையன்.

மூணேகாலுக்குத் தம்பியிடமிருந்து மெசேஜ். "பிரசவ கேஸ் சார். வண்டியிலேயே ஆயிடுச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மேட்ச் என்னாச்சு?"

"4-3. போர்ன்மத்."

"அய்யய்யோ. நம்ம ஆளு டீம் தோத்துடுச்சா?"

"நம்ம ஆளு" என்று சொன்னார் பாருங்கள்.

அதற்குக் கீழேயே நான் இன்னொன்று அனுப்பினேன். "தம்பி, அந்த ஊருக்கு ஒரு நாள் போவோமா?" எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.

வைகாசியில் அதே கோயில் திருவிழா. கபடியை அந்த வருஷம் நடத்துவதா வேண்டாமா என்று ஊரில் பேச்சு இருந்திருக்கிறது. நடத்தினார்கள். போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் எங்களுக்கு மைக் கொடுத்தார்கள். பயிற்சி பொம்மை ஒன்று இரவல் வாங்கிப் போனோம். அது போதாமல் ரெண்டு தலையணை. அங்கே சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். தயவுசெய்து இதை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஆள் விழுந்தால் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை அல்லது வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருந்தால் நெஞ்சை அழுத்தத் தேவையில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

இரண்டு: ஒருத்தர் அந்த நொடியே 108-க்குப் போன் போடணும். "யாராவது போடுங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், யாரும் போட மாட்டார்கள். ஒருத்தரைக் கை காட்டி, "நீ போடு" என்று சொல்லுங்கள்.

மூன்று: ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசா மேலே எழும்ப விடணும். இதுதான் சி.பி.ஆர். எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். முறிந்த எலும்பை நாங்கள் சரி செய்துகொள்வோம்.

நான்கு: பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊதத் தேவையில்லை. அழுத்தினால் போதும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று ஆள் மாறிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வந்து ஆட்கள் கை வைக்கும் வரை நிறுத்தாதீர்கள்.

ஐந்து: சாவி வேண்டாம், சோடா வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கூட்டம் விலகட்டும். பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டு போகவே போகாதீர்கள். பைக்கில் போகும் நேரம் முழுக்க நெஞ்சை அழுத்த ஆள் இல்லை.

போட்டி நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோப்பைக்கும், சுழற்கோப்பைக்கும், லைட்டுக்கும், மைக்செட்டுக்கும் வசூல் பண்ணுகிறோம். சி.பி.ஆர். தெரிந்த நாலு பையன்கள் களத்தின் ஓரத்தில் நிற்க ஒரு பைசா செலவு இல்லை. முடிந்த ஊர்கள் ஏ.இ.டி. என்ற சின்ன ஷாக் மெஷினையும் யோசியுங்கள். பட்டனை அமுக்கினால் என்ன செய்யணும் என்று அதுவே சொல்லும். 2021-ல் டென்மார்க்கின் எரிக்சன் மைதானத்தில் விழுந்து பிழைத்த பிறகு, பிரீமியர் லீக் இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கிளப்புகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தது. ஆட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்தவர்கள், வீட்டில் இளம் வயதில் திடீர் மரணம் நடந்தவர்கள் கண்டிப்பாக ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்த பிறகு களத்தில் இறங்குங்கள். லாக்கியர் கூட அதே வருஷம் மே மாசம் வெம்ப்ளியில் ஒரு தடவை விழுந்தவர்தான்.

பையன்கள் வரிசையில் வந்து ஒவ்வொருத்தராக அழுத்திப் பார்த்தார்கள். முதலில் சிரிப்பு, கிண்டல். பிறகு சத்தம் அடங்கியது. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அப்பா வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் முறை வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். நான் கையை எங்கே வைக்கணும் என்று காட்டினேன். அழுத்த ஆரம்பித்தார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். வயல் வேலை பார்த்த கை, ஆழம் சரியாக இருந்தது. ஒன்றரை நிமிஷத்தில் மூச்சு வாங்கியது.

"வலிக்குது சார்" என்றார்.

"ஆமாங்கய்யா. ஒரு ஆளால தொடர்ந்து முடியாது. அதான் மாத்தி மாத்திச் செய்யணும்."

அவர் எழுந்து சுற்றிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு முந்நூறு பேர் இருந்தோம் சார்."

அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கும் மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அடுத்த பையன் வந்து மண்டி போட்டான். மைக்கில் முதல் ரெண்டு டீம் பேரைக் கூப்பிட்டார்கள்.

அன்னைக்குக் கபடி பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். நல்ல ஆட்டம். கடைசி ரெய்டில் ஒரு புள்ளியில் முடிந்தது. எந்த டீமையும் எனக்குத் தெரியாது. களத்தின் ஓரத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்த நாலு பையன்கள் நின்றார்கள். ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் தம்பியிடம் கேட்டேன், "எந்தப் பக்கம் தம்பி நீங்க?"

"எந்தப் பக்கமும் இல்ல சார். பதினாலு பேரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போனாப் போதும்."

இதைப் படித்தவர்கள் லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊரில் போட்டி நடத்தும் ஒரு பையனுக்கு இதை அனுப்புங்கள். அப்படியே இன்னைக்கு ராத்திரி வீட்டில் ஒரு தலையணையை எடுத்துத் தரையில் போட்டு, ரெண்டு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். கை வலிக்கும். வலிக்கட்டும்.

அடுத்த இழையில் சுகருக்கு வருவோம்.